2 கோடி பவுண்டு புண்ணியம்

2018 பிப்ரவரி 9, வெள்ளிக்கிழமை. வாரக் கடைசியில் குடிமக்களுக்குச் சுவையான தகவல் ஒன்றைச் சொல்லி மகிழ்விப்பது பிரிட்டன் கருவூலத்துறையின் வழக்கம். அந்த வாரத் தகவல் ட்விட்டரில் வந்தது. அடிமைத்தனத்தை ஒழித்த புண்ணியத்தில் வரி கட்டும் லட்சக்கணக்கானோருக்குப் பங்கு உண்டு என்பது அதன் சாரம். 1833-இல் அடிமைகளுக்கு விடுதலை வாங்கித் தர அரசு 2 கோடி பவுண்டு செலவழித்ததாம். அன்றைய ஆண்டுச் செலவில் அது 40 சதவீதம். அதற்காக வாங்கிய கடன் 2015-இல்தான் அடைந்ததாம். ஆகவே மகாஜனங்களே, விலங்கு உடைந்ததில் உங்கள் காசும் இருக்கிறது, காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளுங்கள்.

கேட்கவே புல்லரிக்கிறது. ஒரே ஒரு சின்ன விவரம்தான் அதில் விட்டுப்போயிருந்தது. அந்த 2 கோடி யார் கைக்குப் போனது என்று சொல்லவில்லை.

எஜமானர்கள் கைக்குப் போனது. மொத்தமும். அடிமையாக இருந்த ஏறத்தாழ 8 லட்சம் பேருக்கு ஒரு பென்னி கிடையாது. நஷ்டப்பட்டவன் எஜமான், அவனுடைய சொத்து எழுந்து நடந்து போய்விட்டதே! இருநூறு ஆண்டு கூலியில்லாமல் உழைத்தவர்களுக்கு என்ன நஷ்டம்? கேள்வி கேட்டவர்கள் கொஞ்சம் சத்தமாகக் கேட்டதும் கருவூலத்தார் அவசர அவசரமாகப் பதிவை நீக்கினார்கள். நீக்க முடிந்தது பதிவை மட்டும்தான்.

இதில் இன்னொரு நயம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்து ஆள் பற்றாக்குறையில் பிரிட்டன் தவித்தபோது ஜமைக்காவிலிருந்தும் பார்படாஸிலிருந்தும் கப்பலேறி வந்தவர்கள் உண்டு. லண்டனில் பஸ் ஓட்டினார்கள், மருத்துவமனைகளில் இரவு முழுக்கக் கண்விழித்தார்கள், சம்பளத்தில் வரி பிடித்ததைப் பேசாமல் கொடுத்தார்கள். அந்த வரியும் இந்தக் கடனுக்குப் போயிருக்கிறது. கொள்ளுத்தாத்தாவை விலைக்கு வாங்கி வைத்திருந்தவனுக்குக் கொடுத்த நஷ்டஈட்டைக் கொள்ளுப்பேரன் தவணை முறையில் கட்டினான். கருவூலம் முதுகில் தட்டிக் கொடுத்த இரண்டே மாதத்தில் இன்னொரு செய்தி வெடித்தது. அப்படி வந்து ஐம்பது வருஷம் வாழ்ந்தவர்களைப் பார்த்து அதே அரசின் உள்துறை “உன்னிடம் காகிதம் இல்லை, வெளியே போ” என்று சொல்லிக்கொண்டிருந்த விவகாரம். அடிமை விடுதலைக்குப் பணம் கட்டினேன் என்று ஒரு ரசீதைக் காட்டியிருந்தால் விட்டிருப்பார்களோ என்னவோ.

அடிமை ஒழிப்புச் சட்டத்துக்கு அரசர் ஒப்புதல் கிடைத்தது 1833 ஆகஸ்ட் 28-இல். அதை நடத்த லண்டனில் ஓர் ஆணையம் உட்கார்ந்தது. விடுதலை ஆணையம் அல்ல, நஷ்டஈட்டு ஆணையம். அது போட்ட பட்டியலை ஒருமுறை பார்க்க வேண்டும். வயலில் உழைப்பவர், வேறு வேலை செய்பவர் என்று பெரிய பிரிவுகள். அதற்குள் மேஸ்திரி, கைத்தொழிலாளி, மட்டமான கைத்தொழிலாளி, வயலாள், மட்டமான வயலாள். பிறகு 1834 ஆகஸ்ட் 1 அன்று ஆறு வயது நிறையாத குழந்தைகள். அடியில், கிழடு, நோயாளி, எதற்கும் உதவாதவர். ஒவ்வொரு வரிக்கும் ஒரு விலை. 1822 முதல் 1830 வரை அந்தந்தக் குடியேற்றத்தில் ஆள் என்ன விலைக்குப் போனது என்று பார்த்துச் சராசரி எடுத்தார்கள். நிலவரம் இடத்துக்கு இடம் மாறும் அல்லவா? பிரிட்டிஷ் கயானாவில் தலைக்கு 50 பவுண்டுக்கு மேல் கிடைத்தது. ஜமைக்காவில் 20 பவுண்டுதான் தேறியது. விடுதலையிலும் கயானாச் சரக்குக்கு மதிப்பு அதிகம்.

40,000-க்கும் மேற்பட்ட மனுக்கள் வந்து குவிந்தன. கரும்புத் தோட்டத்தை வாழ்நாளில் கண்ணால் பார்க்காத பிரபுக்கள், பங்குச் சொத்தாக நாலு ஆளை வைத்திருந்த விதவைகள், பாதிரியார்கள், வங்கிக்காரர்கள். மொத்தத் தொகையில் ஏறத்தாழப் பாதி பிரிட்டனை விட்டு நகரவே இல்லை. வரியாக ஒரு வாசலில் வாங்கியதை நஷ்டஈடாக மறு வாசலில் கொடுத்தார்கள். மனு வாங்கும் இடத்தில் ஒரு ஜன்னல் மட்டும் திறக்கவில்லை. முதுகுத் தோல் போனவர்கள், பிள்ளையை ஏலத்தில் இழந்தவர்கள், சொந்தப் பெயரே பறிபோனவர்கள் வரிசையில் நிற்க வேண்டிய ஜன்னல் அது.

மனுதாரர்களில் ஒரு சங்கம் நமக்குப் பழக்கமானது. நற்செய்தி பரப்பும் சங்கம், சுருக்கமாக எஸ்.பி.ஜி. நாசரேத்திலும் இடையன்குடியிலும் பள்ளியும் கோயிலும் கட்டிய அதே சங்கம்தான். கால்டுவெல் 1841-இல் சேர்ந்ததும் அதில்தான். நெல்லைச் சீமையில் எழுத்தறிவு பெற்ற குடும்பங்கள் அதை நன்றியோடு நினைப்பதற்கு நியாயமான காரணம் உண்டு. அந்த நன்றியில் நான் மண்ணள்ளிப் போடவில்லை. ஆனால் அதே சங்கத்துக்கு பார்படாஸ் தீவில் காட்ரிங்டன் என்று கரும்புத் தோட்டங்கள் இருந்தன. ஒரு பக்தர் உயில் எழுதி வைத்துவிட்டுப் போன சொத்து. தோட்டத்தோடு ஆட்களும் வந்தார்கள். தொலைந்தால் கண்டுபிடிக்க வேண்டுமே என்று ஒரு காலம் அவர்கள் மார்பில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் ‘சொசைட்டி’ என்று சூடு போட்டார்கள். அடிமைகள் 411 பேருக்காக அந்தச் சங்கம் வாங்கிய நஷ்டஈடு 8,823 பவுண்டு. ஆன்மாவைக் கர்த்தரிடம் சேர்த்தார்கள், உடம்புக்கு அரசிடம் பணம் வாங்கினார்கள். இங்கிலாந்துத் திருச்சபை மன்னிப்புக் கேட்டது 2006-இல்.

சரி, பணம் போய்த் தொலையட்டும், ஆளாவது விடுதலையானானா என்றால், அதுவும் உடனே இல்லை. 1834 ஆகஸ்ட் 1 அன்று ஆறு வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் ‘பயிற்சி மாணவர்கள்’ ஆனார்கள். வயலாட்களுக்கு ஆறு வருஷப் பயிற்சி. வாரத்தில் 45 மணி நேரம் வரை பழைய எஜமானுக்குச் சம்பளமில்லாமல் உழைக்க வேண்டும். கரும்பு வெட்டியே நாற்பது வயதானவனுக்குக் கரும்பு வெட்டக் கற்றுக்கொடுத்த பாடசாலை உலகத்தில் இது ஒன்றுதான் இருக்கும். எஜமான் இனி சவுக்கைத் தொடக் கூடாது என்று கண்டிப்பான சட்டம் வேறு. அவன் ஏன் தொட வேண்டும்? சம்பளம் வாங்கும் மாஜிஸ்திரேட் இருக்கிறார், அவர் உத்தரவு போடுவார்.

ஜமைக்கா சிறைகளில் மிதிசக்கரம் என்று ஒன்று இருந்தது. உருளையைச் சுற்றிப் படிகள், தலைக்கு மேலே ஒரு கட்டை. மணிக்கட்டைக் கட்டையோடு கட்டிவிடுவார்கள். உருளை சுழலும், சுழலச் சுழல மிதித்து ஏற வேண்டும். கால் தவறினால் ஆள் கையால் தொங்குவான், சுழன்று வரும் ஒவ்வொரு படியும் முழங்காலுக்குக் கீழே எலும்பில் வந்து மோதும். தொங்குகிறவனை இறக்குவதற்குப் பதில் பின்னாலிருந்து சவுக்கால் அடிப்பார்கள். ஜேம்ஸ் வில்லியம்ஸ் என்ற பதினெட்டு வயதுப் ‘பயிற்சி மாணவன்’ தான் பட்டதையெல்லாம் சொல்ல, 1837-இல் அது சிறு நூலாக லண்டனில் அச்சாகியது. அடிமையாக இருந்தபோது பட்டதைவிடப் பயிற்சியில் பட்டது அதிகம் என்றான் அந்தப் பையன். ஊரெங்கும் கூட்டங்கள், மனுக்கள். 1838 ஆகஸ்ட் 1-இல் பாடசாலையை மூடினார்கள்.

அப்படியானால் ஒழிப்பு இயக்கத்தார் எல்லோரும் வேஷக்காரர்களா? அப்படிச் சொன்னால் நாக்கு அழுகிவிடும். 1787 மே 22 அன்று லண்டனில் ஓர் அச்சகத்தில் பன்னிரண்டு பேர் கூடிக் குழு அமைத்தார்கள். ஒன்பது பேர் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர். பன்னிரண்டில் ஒருவரான தாமஸ் கிளார்க்சன் குதிரையிலேயே ஊர் ஊராகச் சுற்றினார். துறைமுகச் சாராயக் கடைகளில் மாலுமிகளிடம் வாக்குமூலம் வாங்கினார். லிவர்பூலில் ஒரு கடையில் கைவிலங்கு, கால்விலங்கு, கட்டைவிரலை நசுக்கும் திருகு ஆகியவற்றோடு வாயைப் பிளக்கும் கருவி ஒன்றும் விற்பனைக்கு இருந்தது. இது எதற்கு என்று கேட்டார். கப்பலில் சில அடிமைகள் சாப்பிட மறுத்துச் சாகப் பார்ப்பார்கள், பல்லைத் திறந்து ஊட்ட வேண்டுமே என்றார் கடைக்காரர். கிளார்க்சன் எல்லாவற்றையும் விலை கொடுத்து வாங்கிக்கொண்டு போய் நாட்டுக்குக் காட்டினார். அந்த மனிதரைக் கிண்டல் செய்ய எனக்குக் கை வராது.

கிண்டலுக்கு உரியவர்கள் அந்தச் சாமான்களைப் பார்த்துவிட்டு மேலும் நாற்பது வருஷம் யோசித்தவர்கள். 1791-இல் அடிமை வியாபாரத்தை நிறுத்த நாடாளுமன்றத்தில் வில்பர்ஃபோர்ஸ் கொண்டுவந்த மசோதா 88-க்கு 163 என்று தோற்றது. அடுத்த ஆண்டு 519 மனுக்கள் வந்து மேசை நிறைந்ததும் டண்டாஸ் என்ற அமைச்சர் ‘படிப்படியாக’ என்று ஒரு சொல்லைச் செருகித் தீர்மானத்தைக் காப்பாற்றினார். படி முடியவில்லை. 1807-இல் ஆள் வாங்கி விற்பதுதான் தடையானது. வாங்கி வைத்திருப்பது தடையாகவில்லை. 1823-இல் தொடங்கிய புதிய சங்கமும் தன் பெயரிலேயே ‘படிப்படியாக’ வைத்துக்கொண்டது. லெஸ்டர் நகரத்து எலிசபெத் ஹெய்ரிக் 1824-இல் ஒரு துண்டுநூல் எழுதி, படிப்படியாக அல்ல, உடனே என்றார். வீடு வீடாகப் போய்ச் சர்க்கரை வாங்காதே என்றார், மளிகைக் கடைகளையும் விடவில்லை. வில்பர்ஃபோர்ஸுக்கு அடிமைத்தனம் பிடிக்கவில்லைதான்; பெண்கள் வீடு வீடாகப் போவது அதைவிடக் கொஞ்சம்தான் குறைவாக உறுத்தியது. நன்கொடையை நிறுத்திவிடுவோம் என்று பர்மிங்ஹாம் பெண்கள் 1830-இல் மிரட்டிய பிறகே சங்கத்தின் பெயரிலிருந்து ‘படிப்படியாக’ உதிர்ந்தது. கொள்கை அசைக்காததைச் சந்தா அசைத்தது. நன்றிக்கடனும் அடைக்கப்பட்டது: 1840-இல் லண்டனில் கூடிய உலக அடிமை ஒழிப்பு மாநாட்டில், அமெரிக்காவிலிருந்து கடல் கடந்து வந்த பெண் பிரதிநிதிகளை வாய் திறக்கக் கூடாதென்று ஓரமாக உட்கார வைத்தார்கள்.

ஒழிப்புக்குத் தலைமை தாங்கியவர் யார் என்று பள்ளிக்கூடத்தில் கேட்டால் வில்பர்ஃபோர்ஸ் என்று எழுதினால் மதிப்பெண். மசோதா தேறிவிடும் என்ற சேதி காதில் விழுந்த மூன்றாம் நாள், 1833 ஜூலை 29-இல், அவர் கண்ணை மூடினார்; வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் இடம். சாம் ஷார்ப் என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்குமா தெரியவில்லை. ஜமைக்காவில் ஓர் அடிமை, பாப்டிஸ்ட் சபையில் உபதேசி. 1831 கிறிஸ்துமஸ் முடிந்ததும் கூலி கொடுத்தால்தான் கரும்பு வெட்டுவோம் என்று வேலைநிறுத்தத்துக்கு ஆள் திரட்டினார். அது தீயாகப் பரவிக் கிளர்ச்சியானது. பல்லாயிரம் பேர் இறங்கினார்கள். வெள்ளையர் தரப்பில் செத்தவர்கள் 14 பேர். அடக்கிய பிறகு நீதிமன்றங்கள் கொன்றது 300 பேருக்கு மேல். 1832 மே 23-இல் மான்டெகோ பே நகரில் ஷார்ப்பைத் தூக்கிலிட்டார்கள். பதினைந்து மாதத்தில் ஒழிப்புச் சட்டம் வந்தது. இனியும் வைத்திருந்தால் தீவையே இழப்போம் என்று நாடாளுமன்றத்துக்குப் புரிய வைத்தது பிரசங்கம் மட்டுமல்ல.

ஷார்ப் தொங்கியதில் அவருடைய எஜமானுக்கு ஒரு சொத்து குறைந்ததே, அதைச் சட்டம் மறக்கவில்லை. 16 பவுண்டு 10 ஷில்லிங் கொடுத்தது.

இந்தக் கணக்கு புதிதல்ல. 1781-இல் ‘சோங்’ என்ற கப்பலிலிருந்து 130-க்கும் மேற்பட்ட அடிமைகளை உயிரோடு கடலில் தள்ளினார்கள். முதலாளிகள் தலைக்கு 30 பவுண்டு இன்ஷூரன்ஸ் கேட்டு வழக்காடினார்கள். கொலை வழக்கு என்று ஒன்று கடைசிவரை வரவில்லை. தலைமை நீதிபதி மான்ஸ்ஃபீல்டு சட்டத்தை விளக்கும்போது, குதிரைகளைத் தூக்கிப் போட்டதற்கும் இதற்கும் வேறுபாடில்லை என்றார். கடலில் தள்ளினால் இன்ஷூரன்ஸ், கயிற்றில் தொங்கினால் ஈட்டுத்தொகை, விடுதலையானால் நஷ்டஈடு. மூன்றிலும் மனுதாரர் எஜமானர்தான். இந்த ஒழுங்கை 1833-ஆம் ஆண்டுச் சட்டம் உடைத்தது என்று யார் சொன்னது? அதுவரை சில்லறையாக நடந்ததை மொத்த வியாபாரமாக நடத்தியது.

பிரான்சு இதையும் மிஞ்சியது. எஜமானர்களைத் தாங்களே அடித்துத் துரத்தி 1804-இல் தனி நாடான ஹைத்தியிடம், இருபத்தொரு வருஷம் கழித்துப் போர்க்கப்பல்களோடு போய் 15 கோடி பிராங்க் கேட்டது. பீரங்கி வாய்க்கு எதிரே கையெழுத்து. பிறகு 9 கோடியாகக் குறைத்தார்களாம், தாராள மனசு. அதற்காக வாங்கிய கடனின் வாலை ஹைத்தி கட்டி முடித்தபோது 1947. அங்கே பள்ளிக்கூடம் ஏன் இல்லை, ரோடு ஏன் இல்லை என்று இன்றைக்கும் நிபுணர்கள் விமானத்தில் வந்து ஆராய்கிறார்கள்.

இனி லிவர்பூல் ஜான் கிளாட்ஸ்டன். பிற்காலத்தில் நான்கு முறை பிரதமரான கிளாட்ஸ்டனின் தகப்பனார். கயானாவிலும் ஜமைக்காவிலும் 2,508 அடிமைகள். நஷ்டஈடு ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல். கயானாவின் டெமராரா பகுதியில் 1823-இல் கிளர்ச்சி வெடித்தது இவருடைய தோட்டத்தில்தான். முன்னணியில் நின்ற குவாமினாவைச் சுட்டு, உடலைச் சங்கிலியில் கோத்து அந்தத் தோட்டத்துக்கு எதிரிலேயே தொங்கவிட்டார்கள். இப்பேர்ப்பட்ட மனிதருக்கு வந்த கவலை, பயிற்சிக்காலம் முடிந்தால் கரும்பை யார் வெட்டுவது என்பது. 1836 ஜனவரியில் கல்கத்தாவிலுள்ள ஏஜெண்டுகளுக்கு ஒரு கடிதம் போட்டார்: உங்கள் பக்கத்து ஆட்கள் கிடைப்பார்களா? தாராளமாக, என்று பதில் வந்தது. மலைச்சாதியார் இருக்கிறார்கள், மனிதரைவிடக் குரங்குக்குத்தான் நெருக்கம், தின்று குடித்துத் தூங்குவதைத் தவிர வேறு தேவை இல்லாதவர்கள் என்று சரக்கின் தரத்தையும் விவரித்திருந்தார்கள். ‘விட்பி’, ‘ஹெஸ்பரஸ்’ என்று இரண்டு கப்பல்கள். 1838 மே 5 அன்று கயானாவில் 396 பேர் இறங்கினார்கள். பழைய ஆட்கள் விடுதலையாக இன்னும் மூன்று மாதம் இருந்தது. ஒரு கரும்புகூட வாடவில்லை.

சில மாதங்களிலேயே இவர்கள் முதுகிலும் சவுக்கு விழுந்தது. விசாரணை நடந்தது, கொஞ்ச காலம் கப்பல் நின்றது, பிறகு மேலும் ஒழுங்கான ஒப்பந்தங்களோடு ஓடத் தொடங்கியது. சென்னையிலிருந்தும் ஓடியது. மொரீஷியஸ், கயானா, டிரினிடாட். 1860-இல் ‘ட்ரூரோ’ கப்பலில் நேட்டால். கைநாட்டு வைத்த காகிதத்தில் ஐந்து வருஷம் என்று எழுதியிருந்தது. அதில் எத்தனை பேர் கரை திரும்பினார்கள் என்பதைக் கடல் தாண்டி வாழும் பெயர்த்திகளின் வாயால் கேட்டுக்கொள்ளலாம். நஷ்டஈட்டுப் பணம் ஒரு பையில், மலிவான புது ஆள் மறு பையில்.

அடிமைத்தனத்தை ஒழித்த அந்தப் புகழ்பெற்ற சட்டத்தின் 64-ஆம் பிரிவை யாரும் மேடையில் வாசிப்பதில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிக்கும், இலங்கைக்கும், செயின்ட் ஹெலினாவுக்கும் இது செல்லாது என்கிறது அது. தஞ்சாவூரில் மிராசுதாரின் நிலத்தோடு பண்ணையாளும் கைமாறிய காலம் அது. யாழ்ப்பாணத்தில் கோவியரும் நளவரும் பள்ளரும் எஜமான் வீட்டுக்கு அடிமைப்பட்டிருந்த காலம். அவர்களை விட்டால் நிலவரி என்னாவது? சர்க்கரைக்கு இரங்கிய மனசாட்சி நெல்லுக்கு இரங்கவில்லை. இலங்கையில் 1844 வரை காத்திருந்தார்கள். இங்கே 1843-இல் வந்த ஐந்தாம் சட்டம் யாரையும் விடுவிக்கவில்லை. அடிமை மேல் உரிமை கொண்டாடி எஜமான் வந்தால் நீதிமன்றம் கண்டுகொள்ளாது என்று மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கியது. சேரியில் தண்டோரா போட்டார்களா, பண்ணையாளிடம் யாராவது போய்ச் சொன்னார்களா? மிராசுதாரும் சொல்லவில்லை, கலெக்டரும் சொல்லவில்லை. அடிமை வைத்திருப்பதைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1862-இல். இந்த விஷயத்தில் வெள்ளைக்காரனும் நம்மூர்ப் பெரிய மனிதனும் தோளில் கைபோட்டு நின்றார்கள் என்பதை மறந்துவிட்டு, பழியை முழுக்கக் கப்பலேற்றி அனுப்ப வேண்டாம்.

2013-இல் கரீபியன் நாடுகள் ஒன்றுகூடி ஓர் ஆணையம் அமைத்து, அடிமைகளின் வம்சத்துக்கு ஈடு கேட்கத் தொடங்கின. அடுத்த ஆண்டு பத்து அம்சக் கோரிக்கையும் வைத்தன. 2015 செப்டம்பரில் பிரிட்டன் பிரதமர் டேவிட் கேமரூன் ஜமைக்கா போனார். 202 அடிமைகளுக்காக 4,000 பவுண்டுக்கு மேல் வாங்கிய ஜெனரல் ஜேம்ஸ் டஃப் அவருடைய தூரத்து உறவு. எஜமானர்களுக்கான கடனை அவருடைய அரசு அடைத்து முடித்ததும் அதே ஆண்டுதான். கிங்ஸ்டன் நாடாளுமன்றத்தில் நின்று, அந்த வேதனையான வரலாற்றைத் தாண்டி முன்னே போவோம் என்றார். ஈடு பற்றிப் பேச்சில்லை. பாலம், துறைமுகம் என்று மொத்த கரீபியனுக்கும் ஒரு நிதியை அறிவித்தார். ஜமைக்காவுக்கென்று தனியாக ஒரு பரிசும் கொண்டுபோயிருந்தார்: சிறைச்சாலை கட்டிக்கொள்ள இரண்டரைக் கோடி பவுண்டு. பிரிட்டனில் தண்டனை பெற்ற ஜமைக்கர்களை அங்கே அனுப்பி அடைப்பதற்காக.

ஜமைக்கா வேண்டாம் என்று சொல்லிவிட்டது.